சொந்தத் தளம் படுத்துக்கொண்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

“உங்கள் தளம் வேலை செய்யவில்லை” என்று யாராவது செய்தி அனுப்பினால், உடனே சர்வருக்குள் போய்க் கை வைக்காதீர்கள். முகவரிப் பட்டையும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். போனில் பார்த்தாரா கணினியிலா, வைஃபையா மொபைல் டேட்டாவா என்பதையும் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு அவர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால் உங்கள் பக்கம். சிலருக்குத் திறந்து சிலருக்குத் திறக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் டிஎன்எஸ்ஸிலோ (தளத்தின் பெயரைச் சர்வரின் எண்ணாக மாற்றித் தரும் இணைய முகவரிப் புத்தகம்) கேஷிலோ (வேகத்துக்காகச் சேமித்துவைத்த நகல்).

மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்குப் பொது ஹோஸ்டிங்கில் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகைச் சர்வர்) இடம் பிடித்து, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸிலோ கையால் எழுதிய எச்டிஎம்எல்லிலோ தளம் நடத்தும் தனி ஆளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மூன்றைச் சேர்த்து மாற்றினால், தளம் திரும்பி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறையும் இதே கூத்துதான்.

அறிகுறி: அப்படி ஒரு முகவரியே இல்லை என்கிறது உலாவி

முதலில் டொமைன் (நீங்கள் பதிந்துவைத்த தளப் பெயர்) காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் காலாவதித் தேதியும் நிலையும் வரும். நிலை என்ற இடத்தில் ‘கிளையன்ட் ஹோல்ட்’ என்றிருந்தால், பதிவு நிறுவனமே உங்கள் பெயரை டிஎன்எஸ்ஸிலிருந்து எடுத்துவைத்திருக்கிறது என்று பொருள். பணம் கட்டாதது ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாகப் பதிந்த பெயரானால், மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி வந்த கடிதத்தை 15 நாளுக்குள் சொடுக்காமல் விட்டதும் காரணமாகலாம்.

“தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேனே” என்பீர்கள். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் தராத தொடர் கட்டணங்களை இந்திய வங்கிகள் அட்டையிலிருந்து விடுவிப்பதில்லை. வெளிநாட்டு நிறுவனத்திடம் பதிந்த டொமைன்கள் பல இங்கேதான் சிக்குகின்றன. பொத்தான் பச்சையாக இருக்கும். பணம் மட்டும் போயிருக்காது.

டாட் காம், டாட் நெட் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. அந்தக் கடிதம் எந்த முகவரிக்குப் போகிறது என்று இப்போதே பாருங்கள். அதே டொமைனில் உள்ள முகவரிக்கு என்றால், சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது போலத்தான்: டொமைன் போன அன்றே அந்த மின்னஞ்சலும் போய்விடும், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் வந்து சேராது. பதிவுக் கணக்குக்கு எப்போதும் வேறொரு முகவரி கொடுத்து வையுங்கள்.

காலாவதியானவுடன் பதறவும் வேண்டாம், மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்கள், சில இடங்களில் சில வாரங்கள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். மீட்கலாம், ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. அதற்கும் பிறகு முந்துபவருக்குப் பெயர்.

டொமைன் நன்றாக இருந்து, ஹோஸ்டிங்கை அண்மையில் மாற்றியிருந்தால், சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதியதற்கும் போய்க்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் ஆயுளை (டிடிஎல்) 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். இந்த முறைக்குப் பொறுமைதான் மருந்து. பழைய ஹோஸ்டிங்கை மட்டும் ஒரு வாரத்துக்கு மூடிவிடாதீர்கள்.

அறிகுறி: ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை

ஒருவருக்கு மட்டும் வருகிறதென்றால், அவருடைய சாதனத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி தீர்ந்த பழைய கணினி சில ஆண்டுகள் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதற்கு, உங்கள் தளம் உண்மையானதுதான் என்று உறுதி சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. மிகப் பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால் காரணம் வேறு. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் (மற்றவற்றுக்கு ஜாமீன் நிற்பது) ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. அந்த போன் ஏற்கும் ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பு கிடைத்தால், அது தனக்கென்று வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்த்து வேலை செய்யும்.

எல்லோருக்கும் வருகிறதென்றால் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சான்றிதழ். அதைச் சர்வர் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்காவிட்டால் முன்பெல்லாம் அவர்களிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். 2029 மார்ச்சிலிருந்து எந்த நிறுவனத்தின் பொதுச் சான்றிதழும் 47 நாளைத் தாண்டக்கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது. ஆகவே கையால் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே கைவிடுவது நல்லது.

தானியங்கிப் புதுப்பிப்பு தோற்பதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம் ஒன்று உண்டு. சரிபார்ப்பதற்காக வெளியிலிருந்து ‘டாட் வெல் நோன்’ என்ற கோப்புறையைக் கேட்டு ஒரு கோரிக்கை வரும். பாதுகாப்புப் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை நிரல்) ஏதாவது அதைத் திருடன் என்று நினைத்து விரட்டியிருக்கும். அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் படங்கள் சிலவற்றைக் காணோம் அல்லது பூட்டுச் சின்னம் முழுமையாக இல்லை என்றால், பழைய பதிவுகளில் படங்களின் முகவரி பாதுகாப்பற்ற பழைய வடிவில் (http) இருக்கிறது. தரவுத்தளத்தில் தேடி மாற்றும் பிளகின் ஒன்றால் ஒரே வீச்சில் தீரும்.

அறிகுறி: வெள்ளைத் திரை, வேறு ஒன்றுமில்லை

வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஎச்பி நிரல் நடுவழியில் செத்துவிட்டது. நேற்று எந்தப் பிளகினைப் புதுப்பித்தீர்களோ அதுதான் முதல் சந்தேக நபர். 2019இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இப்படி நேர்ந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும், எரிதத்திலும் (ஸ்பேம்) தேடுங்கள். வரவில்லையென்றால் கோப்பு மேலாளரைத் திறந்து, பிளகின்கள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றிவிடுங்கள். எல்லாப் பிளகின்களும் ஒரேயடியாக அணைந்துவிடும். தளம் எழுந்துகொண்டால் பெயரை மீட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

எதையும் புதுப்பிக்காமலே விழுந்ததா? இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். தினமும் பேக்கப் எடுத்து அதே சர்வரிலேயே அடுக்கிவைக்கும் பிளகின்தான் வழக்கமாக இந்த வேலையைச் செய்யும். காப்பாற்ற வந்தது கழுத்தைப் பிடிக்கிறது. அதே சர்வரில் இருப்பது பேக்கப்பே இல்லை என்பது என் கட்சி. மாதம் ஒருமுறையாவது சொந்தக் கணினிக்கு ஒரு நகலை இறக்கிவிடுங்கள்.

403 (அனுமதி இல்லை) என்று வந்தால், கோப்புகளை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்களைப் பாருங்கள்: கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755. யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று திறந்துவிடும் 777ஐப் போடச் சொல்லும் பழைய அறிவுரை எதையும் கேட்காதீர்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘உடைந்து வருகிறது’ என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொன்னாலும், எப்படி உடைந்திருக்கிறது என்பதுதான் நோயைக் காட்டும்.

தலையில் சாய்கோடு ஏறிய சிறிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் மகிழ்ச்சியடையுங்கள். உங்கள் எழுத்து ஒன்றும் கெடவில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் இன்றைய முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். உலாவி அதை ஐரோப்பியப் பழைய முறை என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. ‘க’ இப்படி விழும்போது அந்த ஏ, அந்த ஆர், ஒரு கரும்புள்ளி என மூன்றாகப் பிரியும். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு இருக்கிறதா, அது முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் உடைகிறதென்றால் சர்வர் பக்கத்துக்கு முன்னால் அனுப்பும் தலைப்பில் (ஹெடர்) வேறு முறையை அறிவிக்கிறது. பக்கத்தில் நீங்கள் எழுதியதை அது மீறிவிடும். மாற்ற வேண்டிய இடம் சர்வர் அமைப்பு.

ஹோஸ்டிங் மாறியபின் இதே உடைசல் வந்தால் நோய் தரவுத்தளத்தில். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், லேட்டின்-1 (மேலே சொன்ன ஐரோப்பியப் பழைய முறை) என்று பெயர் ஒட்டிய பெட்டிக்குள் யூடிஎஃப்-8 எழுத்துகள் கிடக்கும். பெட்டியின் பெயரை நேரடியாக மாற்றினால் தரவுத்தளம் உள்ளே இருப்பதை ‘மொழிபெயர்த்து’ இரட்டை உடைசலாக்கிவிடும். முதலில் அந்தப் பெட்டியை வெறும் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8 வகையான யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள். இதற்கு முன் பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பைத் திறந்தும் பாருங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் செய்தி நல்லதல்ல. தமிழை ஏற்காத பெட்டிக்குள் எழுத்தைத் திணித்தபோது, தரவுத்தளம் ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டது. அதிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க வழியில்லை. பழைய பேக்கப்பிலோ, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலோ தேடுங்கள்.

கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி என்பது வேறு. முன்னோட்ட வரியின் கடைசியில் மட்டும் இது வந்தால், உங்கள் தீம் (தளத்தின் வடிவமைப்பு நிரல்) எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணி வெட்டுகிறது. மூன்று பைட்டின் நடுவில் கத்தி விழுந்துவிட்டது. பைட்டுக்குப் பதில் குறியீடுகளை எண்ணி வெட்டும் பிஎச்பி சார்புக்கு (ஃபங்ஷன்) மாற்றினால் சாய்சதுரம் போகும். ஆனாலும் ‘நன்றி’ என்பது ‘நன்ற’ என்று நிற்கலாம், ஏனென்றால் இகரக் கொக்கி தனிக் குறியீடு. சொல் எல்லையில் வெட்டச் சொல்வதே தமிழுக்கு மரியாதை.

சொற்களின் நடுவே புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தெரிந்தால், துணைக்குறி ஒன்று மெய்யோடு சேராமல் அநாதையாக நிற்கிறது. தட்டச்சுப் பிழை, அழித்து மறுபடி அடியுங்கள்.

ஆங்கில எழுத்துகள் அர்த்தமின்றி வந்தால், ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நின்றால், அது பாமினி. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் நெடுங்காலம் கோலோச்சிய எழுத்துரு. இருபது ஆண்டுக்கு முந்தைய கட்டுரைகளைத் தளத்தில் ஏற்றும் எவரும் இதைச் சந்தித்தே தீர வேண்டும். மாற்றி நிரல்கள் நிறைய உண்டு. ஆனால் பாமினி ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், கட்டுரையில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த நிரல் தமிழாக்கித் தொலைக்கும். பத்தி பத்தியாகச் செய்யுங்கள். எல்லாப் பழைய கோப்பும் பாமினி அல்ல; யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியேற்றம்) முந்தைய வேறு குறியேற்றமாகவும் இருக்கலாம்: டிஸ்கியாக இருக்கலாம், 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரமாக்கிய டாம், டாப் ஆகவும் இருக்கலாம். ஒரு வரியை மட்டும் மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எழுத்து அழகாகத் தெரிகிறது, ஆனால் தளத்தின் தேடலில் அந்தச் சொல் அகப்படவில்லை என்பது மிக நுட்பமான வகை. ‘கொ’ என்பதைக் க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ளகரம் வைப்பவர்களும் உண்டு. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகக் குறியேறும். முதல் வகையை, சேமிக்கும்போதே ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் சீராக்கம் தீர்த்துவிடும். மற்ற இரண்டையும் அது தொடாது. தேடி மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: என் கணினியில் படம் தெரிகிறது, தளத்தில் தெரியவில்லை

விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. கேமரா தரும் கோப்புகளின் வால் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். படத்துக்குத் தமிழில் பெயர் வைத்து மேக் கணினியிலிருந்து ஏற்றியிருந்தால், மேலே சொன்ன அதே ‘கொ’ சிக்கல் கோப்புப் பெயரிலும் வந்து நிற்கலாம். கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: திருத்தினேன், பழையதே தெரிகிறது

கேஷ். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். போனில் மறைநிலைச் சாளரத்தில் பாருங்கள். அங்கே புதியது தெரிந்தால் வேலை முடிந்தது. அங்கும் பழையது என்றால் கேஷ் பிளகின், அதன்பின் இடையில் நிற்கும் சிடிஎன் (தளத்தின் நகல்களை வாசகருக்கு அருகில் வைத்துத் தரும் சேவை) என்ற வரிசையில் காலி செய்யுங்கள்.

அறிகுறி: இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீள்கிறது

தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது இடம் பிடிக்கும்: மூன்று பைட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும். வேர்ட்பிரஸ் பதிவின் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறியீடுகளோடு தலைப்பு அறுந்துவிடும், புள்ளியும் கொக்கியும் அந்தக் கணக்கில் அடக்கம். அதனால்தான் ஒரே மாதிரித் தொடங்கும் தொடர் கட்டுரைகளுக்கு முகவரியின் வாலில் 2, 3 என்று ஒட்டிக்கொள்கிறது. தமிழ் முகவரிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டே சொல்லில் சுருக்கமாக வையுங்கள். நான் ஆங்கில எழுத்தில் சிறு பெயர் கொடுத்துவிடுகிறேன். வாசகர் படிக்க வருவது முகவரியை அல்ல. முன்பே வெளியான பக்கத்தின் பெயரை மாற்றினால், பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடுகிறதா என்று சொடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: தொடர்புப் படிவம் இருக்கிறது, யாருமே எழுதுவதில்லை

ஒருவேளை எழுதியிருக்கலாம். வேறொரு முகவரியைக் கொடுத்து நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வரவில்லையா? பெரும்பாலான பழைய படிவங்கள், நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்கள் சர்வரிலிருந்து கடிதம் அனுப்புகின்றன. பெறும் பக்கம் அதை ஆள்மாறாட்டமாகத்தான் பார்க்கும். அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரி, பதில் அனுப்ப வேண்டிய இடத்தில் வாசகரின் முகவரி என்று மாற்றுங்கள். கடிதம் உங்கள் டொமைனின் அனுமதியோடுதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் டிஎன்எஸ்ஸில் போடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எல்லா அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கிறது.

இதற்கு மெனக்கெடுவது வீணில்லை. என் தளத்தில் பழைய பஸ் டிக்கெட்டுகள் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நானே மறந்துபோன பக்கம். ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, எந்தக் கட்டணத்துக்கு எந்த நிறத் தாள், டிக்கெட் கட்டை எந்த விரலிடுக்கில் பிடிப்பது, கூட்டத்தில் எச்சில் தொடாமல் தாளைக் கிழிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சமூக ஊடகத்தில் எழுதியிருந்தால் அந்தப் பதிவு அவர் கண்ணில் படுவதற்கு முன்பே அடியில் போயிருக்கும்.

அறிகுறி: கூகுளில் என் தளமே இல்லை

வேர்ட்பிரஸ்ஸில் வாசிப்பு அமைப்புகளுக்குள், தேடுபொறிகளை வரவிடாதே என்ற சிறு பெட்டி ஒன்று உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்தது அப்படியே கிடக்கும். எடுத்துவிட்டு, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், பிறகு காத்திருங்கள்.

இதற்கு நேர்மாறாக, தேடல் முடிவில் உங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே ஜப்பானிய மொழியில் கைப்பை விற்பனை நடக்கிறதென்றால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். நீங்கள் திறந்தால் ஒன்றும் தெரியாது. தேடுபொறி வரும்போது மட்டும் கடை விரிப்பார்கள். சர்ச் கன்சோலில் அறியாத உரிமையாளர் யாராவது சேர்ந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். படங்கள் ஏற்றும் கோப்புறைக்குள் பிஎச்பி கோப்பு இருந்தால் அது பெரும்பாலும் உங்களுடையது அல்ல. கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றி, வேர்ட்பிரஸ்ஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கி நிறுவுங்கள். கறை படிந்த கோப்பைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: வருகை திடீரென்று எகிறியது

பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, இணையத்தில் சுற்றித் தேடும் நிரல்கள். கொண்டாட வேண்டாம். அந்த எண்ணிக்கைப் பலகையைக் கழற்றிவிட்டால் தூக்கம் நன்றாக வரும்.

அறிகுறி: எதுவும் உடையவில்லை, ஆனாலும் இரவு ஒரு மணிக்கு எழுத்துருவை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்

இதற்கு மருந்து சொல்ல மாட்டேன். சொந்தத் தளம் வைத்திருப்பதன் சுகமே பாதி இதில்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், தலைப்பை நடுவில் வைக்கலாம், காலையில் மனம் மாறி ஓரத்துக்குத் தள்ளலாம். மாற்றுவதென்றால் சரியாக மாற்றுங்கள். எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உலாவி தானே தடிப்பாக்கி, சிறிய அளவில் மெய்ப்புள்ளியைக் கட்டியாக்கிவிடும். சாய்வெழுத்தைத் தமிழுக்குப் போடவே போடாதீர்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் மேல்வரியிலிருந்து கீழே இறங்கும் குறிகளும் கீழ்வரியிலிருந்து மேலே ஏறும் குறிகளும் மோதிக்கொள்ளும். கொஞ்சம் தாராளமாக விடுங்கள். இருபுறமும் சமமாக வரிகளை நிறுத்தும் ஆசையையும் அடக்குங்கள், தமிழின் நீளச் சொற்களுக்கு நடுவே போன் திரையில் பள்ளம் பள்ளமாக விழும். சேமிப்பதற்கு முன் ஸ்ரீ, கௌ, ஙூ, ணை, ஷ்ணு, ‘அறிவித்துக்கொண்டிருக்கிறார்களென்பதையும்’ எல்லாவற்றையும் ஒரு சோதனைப் பக்கத்தில் போட்டு, கையில் உள்ளதிலேயே மிகச் சிறிய போனில் திறந்து பாருங்கள். கடைசிச் சொல் திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், நீளச் சொல்லை மடக்கச் சொல்லும் ஒரு வரியை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.